மொரப்பூர்–ஓசூர் நேரோ கேஜ் வேகன்: ஸ்டாண்டர்ட் கேஜ் மாடலை வெட்டிச் சின்னதாக்கினால் வருமா?

ஓமலூர்_குட்டிரயில் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நம் பழைய சேலம் மாவட்டத்தில் ஓடிய நேரோ கேஜ் (இரண்டு தண்டவாளத்துக்கும் இடைவெளி குறைவான) பாதையை மேசை மேல் கட்டலாம் என்று இறங்கியிருக்கிறேன். மொரப்பூரில் பிராட் கேஜை விட்டுப் பிரிந்து 1906-இல் தருமபுரிக்கும் 1913-இல் ஓசூருக்கும் போய்ச் சேர்ந்ததே, அந்த இரண்டரை அடிப் பாதைதான். திருப்பத்தூர்–கிருஷ்ணகிரி பாதை அதற்கு ஒரு வருடம் முந்தியது, அதுவும் இதே அகலம். இரண்டும் போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. இப்போது ஓமலூர் வழியாகப் பெங்களூரு போகிற பாதை வேறு, அதனால் "எங்க ஊர் வழியாத்தானே போச்சு" என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

விஷயம் இதுதான். என்னிடம் ஐரோப்பிய எச்ஓ மாடல் கூட்ஸ் வேகன்கள் நாலைந்து சும்மா கிடக்கின்றன. 1:87 அளவு, ஸ்டாண்டர்ட் கேஜ், நாலு சக்கர மூடு வேகன், நீளம் பத்து சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே, அகலம் 33 மி.மீ. நேரோ கேஜுக்கு 762 மி.மீ.-ஐ 87-ஆல் வகுத்தால் 8.76 வருகிறது, கடையில் கிடைக்கும் 9 மி.மீ. தண்டவாளம் அப்படியே பொருந்துகிறது. ஸ்டாண்டர்ட் கேஜின் 1435-க்கு 762 என்றால் ஏறக்குறைய பாதி. அப்படியானால் வேகனையும் நீளம், அகலம், உயரம் எல்லாவற்றிலும் பாதியாக வெட்டி ஒட்டி, சின்னச் சக்கரம் மாட்டினால் நேரோ கேஜ் வேகன் ஆகிவிடும்தானே? பழைய படங்களில் பார்க்கும்போது அப்படித் தெரியவில்லை, எங்கேயோ இடிக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஏற்காட்டு_மிளகு எழுதியது:

எங்களுக்கும் ஒரு ரயில் கட்டிக்கொடுங்க தம்பி, 20 கொண்டை ஊசி வளைவுக்கும் சேர்த்து. ஏற்காடு எக்ஸ்பிரஸ் என்று ஒன்று ஓடுகிறது, அது ஏற்காட்டைத் தவிர எல்லா ஊருக்கும் போகிறது.

ரிடையர்டு_டிஎக்ஸ்ஆர் எழுதியது:

தம்பி, வெட்டிவிடாதீர்கள். பாதியாக்கினால் உங்கள் வேகன் 17 மி.மீ. அகலம் வரும், நிஜ அளவில் ஒன்றரை மீட்டர். உள்ளே ஒரு ஆள் கையை நீட்டினால் இரண்டு பக்கச் சுவரும் இடிக்கும். அப்படி ஒரு மூடு வேகனைப் பொதுப் போக்குவரத்துக்கு எந்தக் கம்பெனியும் செய்து ஓட்டியிருக்காது, சுரங்கத்துக்குள் ஓடுகிற தொட்டி வண்டிதான் அந்த அளவில் இருக்கும்.

பாதையைக் குறுக்கும்போது வேகன் உடம்பு அதே விகிதத்தில் குறுகுவதில்லை, அங்கேதான் எல்லாம் ஆரம்பிக்கிறது. மூட்டையின் அளவு மாறாது, மாட்டின் அளவு மாறாது, உள்ளே குனிந்து நிமிரும் லோடுமேனின் உயரமும் மாறாது. அதனால் தண்டவாளத்தை நெருக்கினாலும் உடம்பை முடிந்த மட்டும் அகலமாகவே வைத்தார்கள். நம் பிராட் கேஜ் வேகன் 3.2 மீட்டர் அகலம், பாதை 1.676, அதாவது இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவு. ஸ்டாண்டர்ட் கேஜும் அதே இரண்டு மடங்கை ஒட்டித்தான் வரும், உங்கள் மாடலையே அளந்து பாருங்கள், 33-க்கு 16.5. ஆனால் மீட்டர் கேஜ் இரண்டரைக்கு மேல் போகும். 762-இல் 7 அடி அகல வேகன் என்றால் 2.8 மடங்கு.

இதன் விளைவு என்ன? வேகனின் ஒரு பாதியில் மட்டும் சரக்கை அடுக்கிவிட்டு மறுபாதியைக் காலியாக விட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சரக்கின் ஈர்ப்பு மையம், வேகன் அகலத்தில் கால் பங்கு தள்ளி விழும். பிராட் கேஜில் அது நடுக்கோட்டிலிருந்து 0.8 மீட்டர், தண்டவாளம் இருப்பது 0.838-இல். மயிரிழையில் உள்ளே விழுகிறது. ஸ்டாண்டர்ட் கேஜில் ஏறக்குறைய தண்டவாளத்தின் தலை மேலேயே விழும். 7 அடி நேரோ கேஜில் 0.53 மீட்டர், ஆனால் தண்டவாளம் 0.38-இலேயே முடிந்துவிட்டது. சரக்கின் பாரம் முழுக்க வெளியே தொங்குகிறது, வேகனின் சொந்த எடை ஒன்றுதான் அதைக் கவிழாமல் பிடித்து நிறுத்த வேண்டும். அந்த எடையையும் டிசைன்காரன் குறைத்துக்கொண்டே போவான், ஏனென்றால் அச்சுக்கு இத்தனை டன்தான் என்று கட்டுப்பாடு.

இந்த ஒரு கணக்கு மண்டையில் ஏறிவிட்டால், தரைத்தட்டு ஏன் தாழ்வு, சக்கரம் ஏன் சின்னது, சுவர் ஏன் குட்டை, போகி (வேகனுக்கு அடியில் தனியாகத் திரும்புகிற சக்கரச் சட்டம்) ஏன் அவ்வளவு சீக்கிரம் வந்தது எல்லாம் தானாகப் புரியும்.

செவ்வாப்பேட்டைக்காரன் எழுதியது:

சார் சொல்வது அப்படியே உண்மை. எங்கள் குடும்பம் மண்டி வியாபாரம். சேலம் மார்க்கெட் ஸ்டேஷனில் விருத்தாசலம் லைன் மீட்டர் கேஜாக இருந்த காலத்தில் சின்ன வயதில் நான் வேடிக்கை பார்த்திருக்கிறேன். லோடு ஏற்றும்போது மேஸ்திரி வேறு எதற்கும் கத்த மாட்டார், ஒரே பக்கமாக அட்டி போட்டால் மட்டும் கெட்ட வார்த்தை பறக்கும். முதலில் இரண்டு கோடியிலும் ஒரு வரிசை, அப்புறம் கதவுப் பக்கம் வருவார்கள். எல்லாம் தூக்குகிறவர்கள் வசதிக்காக என்றுதான் அப்போது நினைத்தேன், தண்டவாளம் எங்கே முடிகிறது என்று யார் பார்த்தார்கள்?

ஒரு சந்தேகம் சார். ஜவ்வரிசி மூட்டையும் சிமெண்ட் மூட்டையும் வேகனில் ஒன்றா?

ரிடையர்டு_டிஎக்ஸ்ஆர் எழுதியது:

ஒன்றில்லை. சிமெண்ட் என்றால் வேகன் முக்கால்வாசி காலியாகத் தெரியும்போதே எடை முடிந்துவிடும், பஞ்சு மாதிரி லேசான சரக்கு என்றால் கூரை இடித்தாலும் எடை பாக்கியிருக்கும், ஜவ்வரிசி இரண்டுக்கும் நடுவில். நேரோ கேஜின் தலைவலி, லேசான சரக்குக்கு இடம் வேண்டும் என்று உடம்பை உயர்த்தினால் ஈர்ப்பு மையம் ஏறிவிடும், அகலப்படுத்தினால் முன்னே சொன்ன கதை, ஆக நீளம் ஒன்றுதான் மிச்சம். நீளத்தைக் கூட்டினால் நாலு சக்கரம் வளைவில் திரும்பாது. அப்புறம் போகி போடாமல் என்ன செய்வது?

தொப்பூர்_கணவாய் எழுதியது:

எல்லாம் சரி, ஆனால் இந்தக் குழுவில் எப்போதும் ஒரு பாட்டு உண்டு, நேரோ கேஜ் என்றாலே பொம்மை ரயில், பாரம் தாங்காது என்று. அதை ஒப்புக்கொள்ள முடியாது. தென்னாப்பிரிக்காவில் சிஷென்–சல்தானா பாதை 1067 மி.மீ.தான், ஸ்டாண்டர்டை விட ஒரு அடிக்கு மேல் குறுகல். 861 கிலோமீட்டர், இரும்புத்தாது, அச்சுக்கு 30 டன், ஒரே ரயிலில் 340-க்கு மேல் வேகன். நம்ம பிராட் கேஜில் பெரும்பாலான இடத்தில் அச்சுக்கு 22.9 டன்தான் போகிறது, சரக்குக்கென்றே தனியாகப் போட்ட பாதையில் 25. பிரேசிலில் வித்தோரியா–மினாஸ் பாதை சுத்தமான மீட்டர் கேஜ், அதுவும் இரும்புத்தாதுதான் இழுக்கிறது. இங்கே மீட்டர் கேஜ் என்றால் அச்சுக்கு 12 டன் சொச்சம் என்று நிறுத்திக்கொண்டோம். பாதை அகலத்தின் மேல் பழி போடுவதை விட்டுவிட்டு, போட்ட பணத்தைப் பாருங்கள்.

ரிடையர்டு_டிஎக்ஸ்ஆர் எழுதியது:

தொப்பூர் தம்பி சொல்வது நியாயமான பேச்சு, நான் எதிர்க்கவில்லை. இரண்டு விஷயத்தைப் பிரித்துக்கொள்வோம். அச்சு எத்தனை டன் தாங்கும் என்பதைத் தண்டவாளத்தின் கனம், ஸ்லீப்பர் நெருக்கம், ஜல்லி, பாலம் இவை முடிவு செய்கின்றன. இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்பதற்கு அதில் பங்கு குறைவு. கவிழாமல் எவ்வளவு உயரம், எவ்வளவு அகலம் வைக்கலாம், எவ்வளவு வேகம் போகலாம் என்பதில்தான் கேஜ் நேரடியாகக் கை வைக்கும். இரும்புத்தாது கனமான சரக்கு, தட்டையான தொட்டியில் அடியிலேயே உட்கார்ந்துவிடும். அதே 1067 பாதையில் வைக்கோல் ஏற்றச் சொல்லுங்கள் பார்ப்போம், கேஜ் அப்போது வந்து நிற்கும். அதோடு அந்தப் பாதை தாது ஒன்றுக்காகவே பெரிய வளைவுகளோடு போட்டது.

நம் பக்கத்துக் குட்டிப் பாதைகள் கதை வேறு. பணம் இல்லாத இடத்தில், மேடு பள்ளத்தோடு வளைந்து நெளிந்து போகிற மாதிரி போட்டது. இதில் பார்க்க வேண்டிய ஆள் எவரார்ட் கால்த்ராப். மகாராஷ்டிரத்தில் பார்ஸி லைட் ரயில்வேயை 1897-இல் திறந்தார், அதுவும் இதே 762 தான். அவர் முதலில் வேகனை வரையவில்லை, அச்சுக்கு 5 டன் என்று ஒரு வரம்பை வைத்தார், இன்ஜினிலிருந்து கடைசி வேகன் வரை எல்லாவற்றுக்கும் அதே 5 டன். அதற்குக் கஜத்துக்கு 30 பவுண்டு தண்டவாளம் போதும், அதாவது மீட்டருக்கு 15 கிலோ. இப்போது சேலம் ஜங்ஷனில் நீங்கள் மிதிக்கிற தண்டவாளம் 60 கிலோ என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு சரக்கு வேகன் எல்லாவற்றுக்கும் ஒரே அடிச்சட்டம், 25 அடிக்கு 7 அடி, அழுத்தி வளைத்த எஃகுத் தகட்டில், போகி மேல். சொந்த எடையைக் குறைத்துச் சரக்கு எடையைக் கூட்டுவதுதான் அவருடைய வெறி.

குட்டிரயில் தம்பிக்கு இது நேராக உதவும். 25 அடி என்றால் 1:87-இல் 87.6 மி.மீ., 7 அடி என்றால் 24.5. உங்கள் வேகன் பத்து சென்டிமீட்டர் சொச்சம் என்றீர்கள். நீளத்தில் நேரோ கேஜ் போகி வேகன் உங்கள் நாலு சக்கர ஸ்டாண்டர்ட் வேகனை ஒட்டியே வந்துவிடுகிறது, அகலத்தில் முக்கால்வாசி, பாதையில்தான் பாதி.

ஓமலூர்_குட்டிரயில் எழுதியது:

சார், இது போதும், தலைகீழாக மாறிவிட்டது. நீளத்தில் கொஞ்சம், அகலத்தில் கால்வாசி மட்டும் எடுத்தால் போதும் என்றாகிறது, ஆனால் அடிச்சட்டத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு இரண்டு போகி. பஃபர் என்ன செய்வது? என் வேகனில் இரண்டு பக்கமும் தட்டு தட்டாக இரண்டிரண்டு பஃபர் (வேகன்கள் முட்டும்போது தாங்குகிறது) இருக்கிறது, நடுவில் வேகன்களை இணைக்கிற திருகு கப்ளிங். அப்படியே விடலாமா?

பொன்மலைப்_பேரன் எழுதியது:

பஃபரை முதலில் அறுத்து எறியுங்கள் அண்ணா. நேரோ கேஜ், மீட்டர் கேஜ் இரண்டிலும் நடுவில் ஒரே ஒரு பஃபர்தான், தள்ளுவதும் அதுவே இழுப்பதும் அதுவே, மேலே ஒரு கொக்கி விழுந்து மாட்டும். இதை மலிவுக்குச் செய்தது என்று பலர் எழுதுகிறார்கள், காரணம் வளைவு.

கணக்காகவே பார்ப்போம். 8 மீட்டர் வேகன் இரண்டு, 60 மீட்டர் ஆர வளைவில் நிற்கின்றன. ஒன்றுக்கொன்று ஏழரை டிகிரி போல் திரும்பி நிற்கும். ஐரோப்பிய ஸ்டாண்டர்ட் வேகனில் இரண்டு பஃபருக்கும் இடையே 1.75 மீட்டர். அந்த இடைவெளியை வைத்தால் உள்பக்கப் பஃபர் ஜோடிக்கும் வெளிப்பக்க ஜோடிக்கும் 23 சென்டிமீட்டர் வித்தியாசம் விழும். உள்பக்கம் நசுங்கித் திணறும், வெளிப்பக்கம் ஒன்றையொன்று தொடாமல் விலகி, வளைவு நிமிரும்போது ஒன்றின் பின்னால் ஒன்று மாட்டிக்கொள்ளும். பஃபர் லாக்கிங் என்பார்கள், அப்புறம் தண்டவாளம் விட்டு இறங்கவேண்டியதுதான். அதே வேகன்கள் 300 மீட்டர் ஆரத்தில் நின்றால் 5 சென்டிமீட்டர்கூட வராது, ஸ்பிரிங்கே வாங்கிக்கொள்ளும். அதனால்தான் பெரிய பாதையில் பக்கப் பஃபர் நூறு வருடத்துக்கு மேல் நிம்மதியாக ஓடியது.

நடுவுக்குக் கொண்டுவந்தவுடன் அடிச்சட்டமே மாறுகிறது. பக்கப் பஃபர் இருந்தால் தள்ளுகிற விசை இரண்டு ஓரத்துச் சட்டத்திலும் நேராக ஓடும். நடுப் பஃபருக்கு நடு முதுகில் ஒரு கனமான சென்டர் சில் வேண்டும், இல்லாவிட்டால் நுனியில் உள்ள குறுக்குச் சட்டம் வளைந்துவிடும். ஓரச் சட்டத்தை லேசாக்கிக்கொள்ளலாம். வேடிக்கை என்னவென்றால் இன்றைய பிராட் கேஜ் பாக்ஸ்என் வேகனும் (நிலக்கரி ஏற்றுகிற திறந்த வேகன்) சென்டர் பஃபர் கப்ளர்தான், சென்டர் சில்தான். சின்னப் பாதைகள் வளைவால் கண்டதை, பெரிய பாதை 58 வேகனை ஒரே ரேக்காக, அதாவது ஒரே தொடராக, இழுக்கிற பாரத்தால் பிறகு வந்து தொட்டது. கப்ளரின் பலம்தான் வானம் பூமி வித்தியாசம்.

பிரேக்கையும் சொல்லிவிடுகிறேன், யாராவது கேட்பீர்கள். மீட்டர் கேஜில் பெரும்பாலும் வாக்குவம் பிரேக்தான். பிராட் கேஜிலும் முன்பு அதுதான், பாக்ஸ்என் வந்தபோது காற்றுப் பிரேக்குக்கு மாறியது. வாக்குவத்தில் எவ்வளவு முயன்றாலும் வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் போக முடியாது, நடைமுறையில் 510 மி.மீ. பாதரசம், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.7 கிலோ தேறும். காற்றுப் பிரேக் சிலிண்டரில் 3.8 கிலோ. அதே பலம் வேண்டுமானால் வாக்குவம் சிலிண்டர் பரப்பு ஐந்து மடங்குக்கு மேல் இருக்கவேண்டும். பெரிய வேகனுக்கு அடியில் அந்த அண்டாவைத் தொங்கவிட இடம் உண்டு. தாழ்ந்த தட்டு, குட்டிச் சக்கரம், நடுவில் முதுகுச் சட்டம், இரண்டு பக்கமும் போகி திரும்ப இடம் என்று ஏற்கனவே நெருக்கியடிக்கிற நேரோ கேஜில் எங்கே வைப்பது? லைட் ரயில்வேக்களின் பல வேகன்களில் கை பிரேக் லீவரோடு நிறுத்திக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம். அண்ணா, மாடலில் ஒரு பக்கம் நீள லீவர் வையுங்கள், பார்க்க நன்றாக இருக்கும்.

ஏற்காட்டு_மிளகு எழுதியது:

கை பிரேக் என்றதும் ஞாபகம் வந்தது, மேட்டுப்பாளையம்–ஊட்டி ரயிலில் பெட்டிக்குப் பெட்டி ஒரு ஆள் நின்றுகொண்டு பிரேக்கைத் திருகுவார். அது ஏன்? மீட்டர் கேஜில் எல்லா ரயிலிலும் அப்படி இல்லையே.

பொன்மலைப்_பேரன் எழுதியது:

அது கேஜுக்காக இல்லை அக்கா, ஏற்றத்துக்காக. கல்லாறு–குன்னூர் நடுவில் 8.33 சதவீதம் வரை ஏறுகிறது, 12 அடி போனால் 1 அடி உயரம். அதனால்தான் நடுவில் பல் தண்டவாளம், இன்ஜினும் கீழ்ப்பக்கம் நின்று தள்ளுகிறது, கப்ளிங் அறுந்தாலும் பெட்டிகள் இன்ஜின் மேலேயே சாய்ந்து நிற்கும். ஏற்காட்டுக்கு ரயில் விட்டாலும் இதே கதைதான். உங்கள் மலையில் முன்பு இறங்கிய பாக்சைட் லாரியே பிரேக் சூடாகி ஓரமாக நின்றதே, வேகன் ரேக்கை நினைத்துப் பாருங்கள்.

மேக்னசைட்_ஜங்ஷன் எழுதியது:

தாமதமாக வருகிறேன். வெள்ளைக்கல் ஊர்க்காரன் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன். சுரங்கத்துக்குள் ஓடுகிற இரண்டடி டிராலித் தொட்டியையும் நேரோ கேஜ் ரயில்வே வேகனையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள். தொட்டி கனமான கல்லுக்காகவே செய்தது, குட்டையாக, அகலம் குறைவாக, பக்கவாட்டில் கவிழ்த்துக் கொட்டுகிற மாதிரி வடிவம். கவிழ வேண்டும் என்பதே அங்கே டிசைன்! பொதுச் சரக்கு வேகன் இன்றைக்கு நெல், நாளைக்கு உப்பு, மறுநாள் புளி என்று எது வந்தாலும் ஏற்ற வேண்டும். இந்த "எது வந்தாலும்" என்கிற சுமைதான் நேரோ கேஜ் வேகனைப் படாதபாடு படுத்தியது.

மேட்டூர் அனல்மின் நிலையத்துக்குப் போகிற நிலக்கரி ரேக்கைப் பாருங்கள். ஒரே சரக்கு, ஒரே வழி, காலியாகத் திரும்பும். அதற்கென்று செய்த பாக்ஸ்என்எச்எல் வேகன் சொந்த எடை 20.6 டன், சரக்கு 71 டன். ஒரு டன் வேகனுக்கு மூன்றரை டன்னை ஒட்டிய சரக்கு. பழைய பாக்ஸ்என் 22.47-க்கு 58.8. கால்த்ராப் 5 டன் அச்சில் பிடிக்க ஆசைப்பட்டது இந்த விகிதத்தைத்தான்.

தொப்பூர்_கணவாய் எழுதியது:

இப்போது எல்லோரும் என் பக்கம் வந்துவிட்டீர்கள் :) ஆனால் கால்த்ராப்பைப் புகழும்போது மொரப்பூரையும் நினைக்க வேண்டும். எவ்வளவு அழகான வேகன் செய்தாலும் மொரப்பூரில் ஒவ்வொரு மூட்டையையும் இறக்கி மறுபடி ஏற்ற வேண்டும். கூலி, உடைசல், திருட்டு, மழையில் நனைவது. குட்டி வேகன் மிச்சம் பிடித்ததை எல்லாம் அந்தக் கூட்ஸ் ஷெட் தின்றிருக்கும். 1992-இல் யூனிகேஜ் திட்டம் என்று நாடு முழுக்க ஒரே அகலமாக்க இறங்கியதற்கு இந்தத் தலைவலியும் பெரிய காரணம்.

ரிடையர்டு_டிஎக்ஸ்ஆர் எழுதியது:

அதற்கும் கால்த்ராப் ஒரு வித்தை செய்து பார்த்தார், இங்கே இல்லை, இங்கிலாந்தில். லீக் அண்ட் மேனிஃபோல்ட் பாதை, 1904, அதுவும் இரண்டரை அடிதான். ஸ்டாண்டர்ட் கேஜ் வேகனை அப்படியே தூக்கிச் சுமக்கிற தாழ்ந்த வண்டி, டிரான்ஸ்போர்ட்டர் என்று பெயர். வேகன் மேல் வேகன். இறக்கி ஏற்றும் வேலை இல்லை. ஜெர்மனியில் சாக்ஸனி பக்கம் 750 மி.மீ. பாதைகளில் இதைப் பெரிய அளவில் பல்லாண்டு ஓட்டினார்கள். ஆனால் என் கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள், ஸ்டாண்டர்ட் வேகன் முழு உயரமும் நேரோ கேஜ் சக்கரத்துக்கு மேலே நிற்கிறது. ஊர்ந்துதான் போக முடியும், பாலம், கூரை, குகை எல்லாம் பெரிய வேகன் அளவுக்குக் கட்ட வேண்டும். செலவு குறையட்டும் என்று குறுக்கின பாதைக்குப் பெரிய பாதையின் கட்டுமானச் செலவு.

வளைவில் வெளித் தண்டவாளத்தை உயர்த்துவதைப் பற்றியும் சொல்லவேண்டும், பலருக்குத் தெரியாது. நம் விதிப்புத்தகத்தில் பிராட் கேஜுக்கு அதிகபட்சம் 165 மி.மீ., மீட்டர் கேஜுக்கு 90, நேரோ கேஜுக்கு 65. கேட்கும்போது நேரோ கேஜ் ரொம்பப் பயந்து ஓடுகிறது போல் தோன்றும். அகலத்தால் வகுத்துப் பாருங்கள், மூன்றும் ஐந்து டிகிரியை ஒட்டியே சாய்கின்றன. சாய்வு ஒன்றுதான், நேரோ கேஜில் மேலே உட்கார்ந்திருக்கிற உடம்புதான் பாதையைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு அகலம்.

ஓமலூர்_குட்டிரயில் எழுதியது:

பஃபரை அறுத்தாயிற்று. பக்கச் சுவர் இரண்டையும் கழற்றி, தரைத்தட்டை 24.5-க்கு இழைத்துவிட்டேன், உயரத்தில் கொஞ்சம் குறைத்தேன். இப்போது சக்கரம். 'என்' ஸ்கேல் போகி கடையில் எளிதாகக் கிடைக்கிறது, அதே 9 மி.மீ. அதைப் போட்டால் ஒப்புமா?

பொன்மலைப்_பேரன் எழுதியது:

பாதை ஒப்பும், சக்கரம் ஒப்பாது. 'என்' ஸ்கேல் 1:160. அதில் 33 அங்குலச் சக்கரம் 5.2 மி.மீ. வரும், அதை உங்கள் 1:87-இல் பார்த்தால் ஒன்றரை அடிச் சக்கரம். நிஜ நேரோ கேஜ் வேகனில் இரண்டடியை ஒட்டி இருக்கும், அதற்கு 7 மி.மீ. வேண்டும். எச்ஓஇ (1:87 நேரோ கேஜ்) என்று தனியாக விற்கிற சக்கரம் வாங்குங்கள், விலை கொஞ்சம் கடிக்கும்.

இரண்டடிக்கும் ஒரு விலை உண்டு. பாக்ஸ்என் சக்கரம் 1000 மி.மீ., ஒரு கிலோமீட்டருக்கு 318 சுற்று. இரண்டடிச் சக்கரம் 522 சுற்று. பழைய எண்ணெய் பேரிங் காலத்தில் ஹாட் ஆக்சில், அதாவது அச்சு சூடேறிவிட்டது என்று வண்டியை நிறுத்திய கதைகளில் பாதி இதில்தான் இருக்கும். டிஎக்ஸ்ஆர் (வண்டிகளைச் சோதிக்கிறவர்) வேலை பார்த்த சார் அதைப் பற்றி ஒரு ராத்திரி முழுக்கப் பேசுவார்.

ரிடையர்டு_டிஎக்ஸ்ஆர் எழுதியது:

பேசமாட்டேன், தூக்கம் வருகிறது. ஒன்று மட்டும். ஆக்சில் பாக்ஸ் மூடியைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்போம், உள்ளங்கையால் இல்லை. போகியில் மூடி வெளிப்பக்கம் தெரிகிற மாதிரி வையுங்கள், இல்லாவிட்டால் யார் எங்கே தொடுவது.

செவ்வாப்பேட்டைக்காரன் எழுதியது:

தம்பி, உள்ளே அடியில் ஈயத் துண்டு ஒட்டுங்கள், தரைத்தட்டோடு ஒட்டி, நடுக்கோட்டில். 24 மி.மீ. அகல உடம்பு 9 மி.மீ. பாதையில் ஓடினால் மேசை விளிம்பில் தும்மினாலே சாயும். கூரைக்குக் கீழே ஒட்டாதீர்கள், ஒருவர் அப்படி ஒட்டிவிட்டு வளைவுக்கு வளைவு வேகனைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

ஓமலூர்_குட்டிரயில் எழுதியது:

ஈயம் ஒட்டியாயிற்று, நிற்கிறது. கடைசியாக ஒன்று. மொரப்பூர் யார்டில் பிராட் கேஜ் பக்கமும் ஒரு லைன் வேண்டும், அதில் அந்தக் காலத்து நாலு சக்கர வேகன் இரண்டு நிற்கவேண்டும், நடுவில் கூட்ஸ் ஷெட். 1676-ஐ 87-ஆல் வகுத்தால் 19.3 மி.மீ., அப்படி ஒரு தண்டவாளம் எந்தக் கடையிலும் இல்லை. எச்ஓ-வின் 16.5 தண்டவாளத்தையே போட்டுவிடலாமா?

மேக்னசைட்_ஜங்ஷன் எழுதியது:

போடலாம், ஆனால் அது ஸ்டாண்டர்ட் கேஜாகத் தெரியும், மேலே நம்ம அகல வேகன் நின்றால் பிராட் கேஜே நேரோ கேஜ் மாதிரி தொங்கும். தனியாக பிராட் கேஜ் மட்டும் செய்கிறவர்கள் சிலர் 1:100 அளவில் இறங்கிவிடுகிறார்கள், 1676 அங்கே 16.76 ஆகிறது, 16.5 தண்டவாளத்தில் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. உங்களுக்கு அந்த வழி இல்லை, பக்கத்தில் 1:87 நேரோ கேஜ் நிற்கிறதே. ஒரு லைன்தானே, இரண்டு முழம் நீளம் இருக்குமா? எச்ஓ தண்டவாளத்திலிருந்து கம்பிகளை உருவி எடுத்து, மரக்குச்சி ஸ்லீப்பர் வெட்டி, 19.3-க்கு ஒரு அட்டை அளவுகோல் செய்துவைத்துக்கொண்டு கையாலேயே ஒட்டுங்கள். வேகன் அங்கே நிற்கத்தான் போகிறது, ஓடப் போவதில்லை. அச்சை நீட்ட இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் பித்தளைக் குழாய்த் துண்டு கிடைக்கும், செவ்வாப்பேட்டையில் கேட்டுப் பாருங்கள்.

செவ்வாப்பேட்டைக்காரன் எழுதியது:

கிடைக்கும். அளவைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள் தம்பி, வாங்கி பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன்.